2021 மார்ச்: ஒரு மாதப் பாடல்களும் முத்திரைச் சொல்லும்

மாதந்தோறும் வெளிவந்த பாடல்களைத் தொகுத்து மதிப்பிடும் வழக்கம் இசை இதழியலில் வேரூன்றிவிட்டது. அதன் வசதி வெளிப்படையானது. அதன் குறை அவ்வளவு வெளிப்படையானதன்று. 'வெளியீடு' என்னும் சொல்லே சில இசைவகைகளுக்கு மட்டும் உரியது. திரைப்பாடலுக்கு வெளியீட்டு நாள் உண்டு. ராப் பாடலுக்கு உண்டு. அப்பாடலின் நடுவே ஒலிக்கும் ஒப்பாரிக்கு அத்தகைய நாள் இல்லை. எனவே பல வகைகளையும் சமமாகத் தழுவுவதாகக் காட்டிக்கொள்ளும் பட்டியல், தொடங்கும்போதே ஒருபுறம் சாய்ந்துவிடுகிறது.

இச்சாய்வைத் தெளிவாகக் காட்டும் மாதம் 2021 மார்ச். பெருந்தொற்றின் இரண்டாம் அலை மேலெழுந்துகொண்டிருந்தது. நாட்டிலேயே மிகுதியாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் புணேயும் ஒன்றாக இருந்தது. 1953இல் தொடங்கிய சவாய் கந்தர்வ விழா முந்தைய டிசம்பரில் நடைபெறவில்லை. சென்னை மியூசிக் அகாதெமியும் அவ்வாண்டு மார்கழி விழாவை இணையவழியிலேயே நடத்தி முடித்திருந்தது. பவனா ஆற்றங்கரைத் தொழில்நகரமான சிஞ்ச்வட்டில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளிக்கும் மாணவருக்கும் இசை அப்போது கைப்பேசித் திரையின் அளவுக்குச் சுருங்கியிருந்தது. அந்தத் திரையில் மார்ச் 7ஆம் நாள் வந்தது 'எஞ்சாய் எஞ்சாமி'.

அப்பாடலைப் பற்றி அன்று எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி பார்வை எண்ணிக்கையைப் பற்றியதே. சில ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை 40 கோடியைக் கடந்தது என்பது உண்மை. ஆனால் இசையாக அதில் நிகழ்வது வேறொன்று. தீயின் குரல் குழந்தைப்பாடலுக்குரிய எளிமையோடு தொடங்குகிறது. அறிவின் குரல் நிலத்தையும் முன்னோரையும் அடுக்கிச் சொல்லும் வேகப்பேச்சாக நுழைகிறது. பின்னர் அப்பேச்சு மெல்ல ஒப்பாரியின் இழுவைக்கு இறங்குகிறது. ஆட்டத்துக்குரிய தாளத்தை நிறுத்தாமலே பாடல் அழத் தொடங்கிவிடுகிறது. கொண்டாட்டமும் துக்கமும் ஒரே பறையில் ஒலிக்கும் சாவு வீட்டின் அனுபவம் இது. திருமண மண்டபங்களிலும் பள்ளி ஆண்டு விழாக்களிலும் இப்பாடலுக்கு ஆடியவர்கள் ஒப்பாரிப் பகுதியிலும் ஆடினார்கள். அதைக் கேட்பவரின் குறை என்று சொல்லிவிட முடியாது. பாடலின் கட்டமைப்பே அதற்கு இடமளித்தது. காணொளியின் வண்ணப் பகட்டு துக்கத்தைச் சற்று அதிகமாகவே மூடிவிட்டது என்று கருதுவதற்கும் இடமுண்டு.

அந்தத் துக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தாயகம் திரும்பியவர். 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிவு 1974 வரை தள்ளிப்போனது. தோட்டத்தை உருவாக்கியும் அதில் உரிமையற்றுப்போனவரின் கதைதான் பாடலின் மையம். ஆகவே, அப்பாடலுக்கு யார் உரியவர் என்ற பூசல் பின்னர் எழுந்தபோது அது வெறும் கலைஞர் சச்சரவாகத் தோன்றவில்லை. பாடலின் பொருளே பாடலுக்கு வெளியே மீண்டும் நடந்தேறியதுபோல் இருந்தது.

நிகழ்ச்சிகள் பலரும் அறிந்தவை. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற்றனர், அறிவு இடம்பெறவில்லை. இயக்குநர் பா. இரஞ்சித் அதைக் கண்டித்தார். பின்னர் அறிவைக் கொண்ட இணைய அட்டை ஒன்று வெளியாயிற்று. 2022 ஜூலை 28 அன்று சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் இப்பாடலைப் பாடினர். அறிவு மேடையில் இல்லை. சில நாள்களில், இசையமைத்ததும் எழுதியதும் பாடியதும் நிகழ்த்தியதும் தாமே என்றும், மெட்டையோ சொல்லையோ தமக்கு எவரும் தரவில்லை என்றும் அறிவு அறிக்கை வெளியிட்டார். பாடல் கூட்டு உழைப்பின் விளைவு என்று சந்தோஷ் நாராயணனும் தீயும் விடையளித்தனர். 2024 மார்ச்சில், அப்பாடலின் வழியே தமக்கு வருவாய் ஏதும் வந்துசேரவில்லை எனச் சந்தோஷ் நாராயணனே காணொளியில் கூறினார். அக்கூற்றின் நியாயத்தைக் கணக்கரும் வழக்கறிஞரும் ஆராயட்டும். இவர்களுள் எவர் பொய் சொல்கிறார் என்று தேடுவதும் பயனற்றது. எவரும் பொய் சொல்லாமலே இப்பூசல் எழுந்திருக்கக்கூடும். காரணம், 'இசையமைத்தல்' என்ற சொல்லை ஒவ்வொருவரும் வெவ்வேறு பொருளில் ஆண்டிருக்கிறார்கள்.

இங்கே சட்டத்தைச் சற்றுப் பார்ப்பது தகும். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் தொடக்கத்தில் இசைப்படைப்பை எழுத்தில் அல்லது குறியீட்டில் பதிவு செய்யப்பட்ட ஒன்றாகவே வரையறுத்தது. சுரம் எழுதாதவர் சட்டத்தின் கண்ணில் இசையமைப்பாளர் அல்லர். 1977இல் உச்ச நீதிமன்றம் இசை உரிமைக் கழகத்துக்கும் கிழக்கிந்தியத் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கத்துக்கும் இடையிலான வழக்கில் தயாரிப்பாளர் பக்கம் தீர்ப்பளித்தது. நீதிபதி கிருஷ்ண ஐயர் அத்தீர்ப்போடு தனியே ஒரு பின்குறிப்பு எழுதினார். இந்திய மரபில் இசையின் உயிர் தாளில் இல்லை, பாடும் குரலிலும் அதன் மெட்டிலும் இருக்கிறது. பாடகருக்கு உரிமை தராத வரையறை இந்நாட்டு இசைக்குப் பொருந்தாதது என்பதே அதன் சாரம். 1994ஆம் ஆண்டுத் திருத்தம் குறியீட்டு நிபந்தனையை நீக்கியது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிய ஆதாயப்பங்கை அவர்கள் முழுவதும் கைவிட்டுவிட இயலாதபடி காத்தது. நிகழ்த்துநருக்கும் தார்மிக உரிமைகளை வழங்கியது.

ஆயினும் ஒரு கோடு இன்றும் அழியவில்லை. சட்டத்தின் வரையறையில் இசைப்படைப்பு என்பது இசை மட்டுமே. அதனோடு பாடப்படும் சொற்கள் அதில் அடங்கா. சொல் ஒருவருடையது, மெட்டு ஒருவருடையது, ஒலிப்பதிவு தயாரிப்பாளருடையது. இப்பிரிவினை திரையிசைக் கூடத்துக்கு நன்கு பொருந்துகிறது. மெட்டு முதலில் வரும், பாடலாசிரியர் அதற்குள் சொல்லை இடுவார். ராப்பிலும் ஒப்பாரியிலும் நிலைமை தலைகீழ். அங்கே சொல்லின் அசையே தாளம். மூச்சு முடியும் இடமே மெட்டின் எல்லை. சொல்லையும் இசையையும் பிரித்தெடுத்து இருவருக்குப் பங்கிடுவது, ஒரு பாத்திரத்து மோரிலிருந்து தண்ணீரைத் தனியே எடுத்துத் தரச் சொல்வதற்கு ஒப்பாகும். எழுதியவர் என்று மட்டும் ஒரு ராப் கலைஞரை அழைக்கும்போது அவர் செய்த இசைப்பணியில் ஒரு பாதி கணக்கிலிருந்து விடுபடுகிறது. மறுபுறம், தாளக்கட்டு, ஒத்திசை, ஒலிவடிவம் ஆகியவற்றை அமைத்தவரைப் பின்னணியாளர் என்று சுருக்குவதும் அதே அளவு பிழை. சந்தோஷ் நாராயணனின் ஒலியமைப்பு இல்லாமல் அந்தப் பாடல் அந்தப் பாடலாக இருந்திருக்காது.

இதே மாதத்தில் 'கர்ணன்' படப் பாடல்களும் அடுத்தடுத்து வெளிவந்தன, இசை அவரே. பிப்ரவரியில் வந்த 'கண்டா வரச்சொல்லுங்க' கிடாக்குழி மாரியம்மாளைத் தமிழகமெங்கும் அறியச் செய்திருந்தது. மார்ச் 2 அன்று 'பண்டாரத்தி புராணம்' வந்தது. யுகபாரதியின் சொற்கள், தேவாவும் ரீத்தா அந்தோணிராஜும் பாடினர். தொண்ணூறுகளின் கானா நினைவைத் தன் தொண்டையிலேயே சுமக்கும் தேவாவை, இறந்துபோன ஒருத்தியின் புகழைச் சொல்லும் தென்மாவட்டக் கதைப்பாடலுக்கு அழைத்தது துணிவான தேர்வு. வடசென்னையின் குரல் தாமிரபரணிக் கரைக்குச் செல்லும்போது சிறிது அந்நியமாக ஒலிக்கத்தான் செய்கிறது. அந்த அந்நியம் பாடலுக்கு நன்மையே செய்தது. 'புராணம்' என்ற தலைப்பும் வீம்புக்கு வைத்ததன்று. தெய்வத்துக்கும் அரசனுக்கும் உரிய இலக்கிய வகைப்பெயர் ஓர் எளிய பெண்ணுக்குச் சூட்டப்பட்டது.

அப்பெயர் ஒரு சாதியினரைக் குறிப்பதாக எதிர்ப்பு எழுந்து, வழக்கு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் சென்றது. மாத இறுதியில் மாரி செல்வராஜ் பெயரை 'மஞ்சணத்தி' என மாற்றுவதாக அறிவித்தார். ஒடுக்கப்பட்டோரின் கதையைச் சொல்லும் கலைஞர், தம் பாடல் இன்னொரு எளிய சமூகத்தைப் புண்படுத்தியதாகக் கேட்டவுடன் சொல்லைத் திரும்பப் பெற்றது மதிப்புக்குரியது. ஆயினும் கலைக்கு நேர்ந்த இழப்பையும் பதிவு செய்யவேண்டும். பண்டாரத்தி என்பதில் 'டா' என்னும் நெடில் நிற்கும் இடத்தில் மஞ்சணத்தியில் 'ச' என்னும் குறில் வந்து நிற்கிறது. முதற்சொல் நான்கு நேரசைகளால் ஆனது. இரண்டாவது நேர், நிரை, நேர். குரல் தங்கி விளிப்பதற்கு இருந்த இடம் ஒன்று குறைந்துவிட்டது. யாப்பு பயிலும் மாணவர் இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்கலாம்; வகுப்பறையில் இவ்வளவு தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. மஞ்சணத்தி என்பது நுணா மரத்துக்கு வழங்கும் பெயர் என்பதால் பெண் மரமானாள் என்று தேற்றிக்கொள்வாரும் உளர். அது தேற்றரவேயன்றித் திறனாய்வு ஆகாது. 'தட்டான் தட்டான்' இனிமையான பாடல். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

மார்ச் 19 அன்று ஜஸ்டின் பீபரின் 'ஜஸ்டிஸ்' தொகுப்பு வெளிவந்தது. காதல் பாடல்களுக்கிடையே மார்ட்டின் லூதர் கிங்கின் உரைப்பகுதி செருகப்பட்டிருந்தது. அதன் பொருத்தமின்மையைப் பலரும் அன்றே எள்ளி நகையாடினர். இங்கு அத்தொகுப்பு இடம்பெறுவது ஒரே காரணத்துக்காக. கிங்கின் உரைகள் பதிப்புரிமை பெற்றவை. அவருடைய வாரிசுகள் தொலைக்காட்சி நிறுவனமான சி.பி.எஸ். மீது தொடுத்த வழக்கில் 1999இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், பெருந்திரள் முன் நிகழ்த்தப்பட்டதனால் மட்டும் உரை பொதுச்சொத்தாகிவிடாது என்று கூறியது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கேட்ட உரைக்கு உரிமையாளர் உண்டு. தேயிலைத் தோட்டத்தில் பத்துப் பேர் கேட்ட ஒப்பாரி 'நாட்டார் மெட்டு' என்ற ஒரு சொல்லால் எவர்க்கும் உரியதாகிவிடுகிறது. எவர்க்கும் உரியது என்பது நடைமுறையில், முதலில் பதிவுசெய்பவருக்கு உரியது என்றே பொருள்படுகிறது.

அம்மாதத்தின் மிகச் சிறந்த தொகுப்பு எதுவெனக் கேட்டால், மார்ச் 26 அன்று வந்த 'பிராமிசஸ்' என்று தயங்காமல் சொல்லலாம். ஃப்ளோட்டிங் பாயிண்ட்ஸ் என்ற பெயரில் இயங்கும் சாம் ஷெப்பர்ட், எண்பது வயதான சாக்ஸஃபோன் கலைஞர் ஃபாரோ சாண்டர்ஸ், லண்டன் சிம்பொனி இசைக்குழு ஆகிய மூவரின் கூட்டு. ஒன்பது பகுதிகள், ஏறத்தாழ 46 நிமிடம். ஒரு சிறு சுரக்கோவை தொடக்கம் முதல் திரும்பத் திரும்ப வருகிறது. அதன்மீது சாண்டர்ஸ் ஊதுகிறார், ஓரிடத்தில் கருவியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லற்ற குரலால் முனகுகிறார். ஆலாபனையில் பழகிய செவிக்கு அவ்விடம் அந்நியமாகாது. இங்கே இசையமைப்பு ஷெப்பர்டுடையது என்றே பதிவாகியிருக்கிறது. ஆனால் உறையில் மூன்று பெயர்களும் நிற்கின்றன. அந்த இடத்திலேயே கற்பனை செய்து ஊதியவருக்கு இசையமைப்பில் பங்கில்லை, உறையில் பங்குண்டு என்ற இந்த ஏற்பாடு முழு நீதியன்று. எனினும் கேட்பவர் யாரைக் கேட்கிறோம் என்று அறிகிறார். சாண்டர்ஸ் 2022 செப்டம்பரில் மறைந்தார்.

உறை இல்லாத காலத்தில் இவ்வேலையைச் செய்தது முத்திரை. சிஞ்ச்வட்டில் இதை விளக்கத் தொலைவு செல்லவேண்டியதில்லை. அவ்வூரில் சமாதி கொண்டுள்ள மோரயா கோஸாவி இயற்றிய பதங்கள் இன்றும் அங்குள்ள கோயிலில் பாடப்படுகின்றன. அருகிலுள்ள தேஹு, துக்காராமின் ஊர். அவருடைய அபங்கங்களின் இறுதியில் 'துகா ம்ஹணே' என்ற முத்திரை வரும். 'துக்கா சொல்கிறான்' என்று பொருள். நாமதேவரின் வீட்டுப் பணிப்பெண்ணான ஜனாபாய் தம்மை ஜனி என்று பாட்டுக்குள் பெயரிட்டுக்கொண்டார். இருபதாம் நூற்றாண்டில் அம்பேத்கர் இயக்கப் பாடகர் வாமன்தாதா கர்டக் இம்மரபையே தொடர்ந்தார். தமிழில் திருப்பாவையின் முடிவில் கோதை தன் பெயரைச் சொல்வதும், கீர்த்தனையில் தியாகராஜர் தம் பெயரை வைப்பதும் இதன் பிற வடிவங்கள். பக்திப் பணிவின் அடையாளமாகவே முத்திரையைக் கற்பிப்பது வழக்கம். அதற்கு இன்னொரு பயனும் உண்டு. வாய்வழிப் பயணத்தில் பாடலிலிருந்து பெயரை உரித்தெடுக்க முயன்றால் சந்தம் கெடும். அச்சும் பதிவாளர் அலுவலகமும் இல்லாத சமூகம் கண்டுபிடித்த பதிப்புரிமை அது.

இந்தப் பின்னணியில் 'எஞ்சாய் எஞ்சாமி'யை மீண்டும் கேட்டால் ஒன்று புலப்படும். அறிவு பாடலுக்குள்ளேயே தம்மை வள்ளியம்மாளின் பேரன் என்று அறிவித்துக்கொள்கிறார். ராப்பில் கலைஞர் தம் பெயரைக் கூவுவது உலக வழக்கம்; இவர் தம் பெயரைக் கூவவில்லை, பாட்டியின் பெயரைச் சொல்லி அதன்வழித் தம்மை நிறுத்துகிறார். அட்டைப்படத்திலிருந்தும் மேடையிலிருந்தும் அறிவு விடுபட்டபோதும் அந்த முத்திரை விடுபடவில்லை. ஒலிம்பியாட் மேடையில் வேறு எவர் பாடினாலும் முதற்பதிவில் அவ்விடம் அழியாது.

முத்திரை எல்லாருக்கும் வாய்ப்பதன்று. ஒப்பாரி பாடும் பெண்கள் இறந்தவரின் பெயரைச் சொல்வார்கள். தம் பெயரைச் சொல்லமாட்டார்கள். மராத்தியத் திரிகைப் பாடலான ஓவியிலும் பெரும்பாலும் அப்படியே. இங்கேதான் புணேயில் நடந்த ஒரு பணி இசைத்துறையினர் அனைவரும் கற்கத்தக்கது. கீ புவாத்வேனும் ஹேமா ராய்ர்கரும் முல்ஷி முதலிய வட்டங்களின் சிற்றூர்களுக்குச் சென்று, தானியம் அரைக்கும்போது பெண்கள் பாடிய ஓவிகளைப் பல ஆண்டுகள் தொகுத்தனர். எண்ணிக்கை ஓர் இலட்சத்தைக் கடந்தது. 2017 முதல் 'பாரி' எனப்படும் ஊரக இந்திய மக்கள் காப்பகம் அவற்றை வெளியிட்டு வருகிறது. பாடலோடு பாடியவரின் பெயர், ஊர், வட்டம், தொழில், பதிவான நாள் ஆகியவை குறிக்கப்படுகின்றன. 'மரபுப் பாடல்' என்று ஒரே சொல்லில் கடந்துபோகவில்லை. அப்பெண் அதை முதலில் கட்டியவராக இல்லாமலிருக்கலாம்; ஆனால் அன்று, அந்த வடிவில், அதைத் தந்தவர் அவரே. திரிகை மாவரைக்கும் இயந்திரத்திடம் தோற்றதால் அப்பாடல்கள் பாடப்படும் தருணமே அருகிவிட்டது, பெயர்களாவது எஞ்சின.

தமிழில் ஒப்பாரித் தொகுப்புகள் பல உண்டு. பல்கலைக்கழக நூலகங்களில் அவற்றைப் புரட்டினால் தொகுத்தவரின் பெயர் அட்டையில் பெரிதாக இருக்கும். பாடியவர் 'தகவலாளர்' என்ற பெயரில் பின்னிணைப்பில் இருப்பார், சில வேளை அங்கும் இருக்கமாட்டார். இசை நிறுவனங்களைக் குறைகூறும் ஆய்வாளர்கள் தம் ஆய்வேட்டின் பின்னிணைப்பையும் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. 'தகவலாளர்' என்ற சொல்லே ஒரு பாடகியைத் தகவல் தருபவராகக் குறுக்கிவிடுகிறது. அவர் பாடினார், எனவே பாடகி என்றே அச்சிடலாம், பெயரை முதற்பக்கத்திலேயே இடலாம். இதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை.

2024இல் அறிவு வெளியிட்ட தனித் தொகுப்பின் தலைப்பு 'வள்ளியம்மா பேராண்டி'. மூன்றாண்டுகளுக்குமுன் பாடலுக்குள் ஓடிப்போன சொற்கள் இம்முறை அட்டையில் நிற்கின்றன.